அணுக்கரு சொல்லும் பதில்

பல மாதங்களாக முதுகுவலியால் அவதிப்பட்ட பாட்டி ஒருவர் எம்.ஆர்.ஐ. சோதனைக்காக மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். உயர்நிலை மூன்றில் படிக்கும் பேரன் அவருக்குத் துணையாக வந்திருக்கிறான். தாதி ஒருவர் படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்களா? மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்ததுண்டா? கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதுண்டா? எல்லாவற்றுக்கும் பாட்டி ‘இல்லை’ என்று தலையசைக்கிறார். கடைசியாக, “நகைகளையெல்லாம் கழற்றிவிடுங்கள், பாட்டி” என்கிறார் தாதி.

வளையல்கள் கழன்றன. தோடும் மூக்குத்தியும் கழன்றன. தாலிச் சங்கிலிக்கு வந்ததும் பாட்டியின் கை நின்றுவிட்டது.

“நாற்பத்தாறு வருஷமா இது என் கழுத்துல கெடக்கு. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுன்னு நீதானே ஐயா சொன்னே?” என்று பேரனைப் பார்த்துக் கேட்டார்.

“ஆமாம் பாட்டி, இழுக்காது” என்றான் அவன். தாதியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பாட்டி அதோடு விடவில்லை. இந்தக் கருவி உடம்பில் உள்ள அணுக்கருக்களைக் கொண்டுதான் படம் எடுக்கிறது என்று முந்தைய இரவு பேரன் பெருமையாக விளக்கியிருந்தான். அதுவும் இப்போது அவருக்கு நினைவுக்கு வந்தது. “அணுன்னா குண்டு போடுறாங்களே, அதுதானே? அது உடம்புக்கு ஆகுமா?”

பாட்டியின் இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். காந்தம் இழுக்காத தங்கத்தை ஏன் கழற்ற வேண்டும்? அணுக்கருவைத் தொடும் சோதனை ஆபத்தானதா? இவற்றுக்கு விடை வேண்டுமானால், காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கரு என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அணுகுண்டிலும் அணு உலையிலும் யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்கள் பிளக்கின்றன. எம்.ஆர்.ஐ. கருவியில் எந்த அணுக்கருவும் பிளப்பதில்லை. வேறொன்றாக மாறுவதும் இல்லை. அங்கே வேலை செய்வது, இயற்கையில் உள்ள அணுக்கருக்களிலேயே மிக எளிமையான ஒன்று. அதுதான் ஹைட்ரஜனின் அணுக்கரு. அதில் இருப்பது ஒரே ஒரு புரோட்டான். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. பெரியவர்களின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. உடலில் உள்ள அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால், பத்தில் ஆறு ஹைட்ரஜனாகவே இருக்கும்.

புரோட்டானுக்குத் தற்சுழற்சி என்னும் பண்பு உண்டு. அதற்கு மின்னூட்டமும் இருப்பதால், அது ஒரு மிகச் சிறிய காந்தம்போல் நடந்துகொள்கிறது. எல்லா அணுக்கருக்களும் இப்படி அல்ல. உடலில் மிகுதியாகக் காணப்படும் கார்பன்-12, ஆக்சிஜன்-16 ஆகியவற்றின் அணுக்கருக்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இணை இணையாக அமைந்து, அவற்றின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே, காந்தப்புலம் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் அவை வாய் திறப்பதில்லை. பேசுவது பெரும்பாலும் ஹைட்ரஜன் மட்டுமே.

இங்கே பம்பரத்தை நினைத்துக்கொள்வது உதவும். சுற்றும் பம்பரம் சற்றுச் சாய்ந்தால் உடனே விழுந்துவிடுவதில்லை. தன் அச்சில் சுற்றிக்கொண்டே, அதன் தலை காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போடுகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்க, சுழற்சி அதை விழவிடாமல் தடுக்க, இரண்டுக்கும் இடையில் பிறப்பதே அந்தத் தலையாட்டல். காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட புரோட்டானும் அப்படித்தான் தலையாட்டுகிறது. ஆனால் இந்த உவமையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். புரோட்டான் உண்மையில் சுற்றும் ஓர் உருண்டை அன்று. அதன் தற்சுழற்சியை யாரும் வேகமாக்கவோ நிறுத்தவோ முடியாது. அது புரோட்டானோடு பிறந்த பண்பு.

உவமையில் வராத இன்னொரு செய்தியும் உண்டு. உண்மையில் அதுவே மிக முக்கியமானது. புரோட்டான் வினாடிக்கு எத்தனை முறை தலையாட்டும் என்பதைக் காந்தப்புலத்தின் வலிமையே முடிவு செய்கிறது. புலம் இரு மடங்கானால் தலையாட்டலும் இரு மடங்காகும். ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் அது வினாடிக்கு 4 கோடியே 26 இலட்சம் முறை, அதாவது 42.6 மெகாஹெர்ட்ஸ். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லா கருவியில் 128 மெகாஹெர்ட்ஸ். நாம் கேட்கும் பண்பலை வானொலிகள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பாகின்றன. ஆகவே இவை இரண்டும் வானொலிக்கு முன்னும் பின்னும் நிற்கும் அக்கம்பக்கத்து வீடுகள். ஒலி 96.8 வானொலியின் பெயரிலேயே அதன் அதிர்வெண் இருக்கிறது. 2.27 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் உங்களைப் படுக்க வைத்தால், உங்கள் உடலில் உள்ள புரோட்டான்கள் சரியாக அந்த அதிர்வெண்ணில்தான் தலையாட்டும்.

காந்தமே இல்லாத இடத்தில்? அப்படி ஓர் இடம் நமக்கு வாய்ப்பதில்லை. பூமியே ஒரு காந்தம். சிங்கப்பூரில் அதன் புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்கள் விரல் நுனியிலும், மேசைமேல் உள்ள தண்ணீர்ப் புட்டியிலும் புரோட்டான்கள் வினாடிக்கு ஏறத்தாழ 1,800 முறை தலையாட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க அறிவியலாளர் எட்வர்ட் பர்செல், இதை முதன்முதலில் கண்டறிந்த குளிர்காலத்தில், தம் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த பனியைப் புதிய கண்களோடு பார்த்ததாக நோபெல் உரையில் நினைவுகூர்ந்தார். நமக்குப் பனி இல்லை. மழை பெய்து முடிந்தபின் நடைபாதையில் தேங்கும் நீரை அப்படிப் பார்க்கலாம்.

தலையாட்டுவது இருக்கட்டும், அதை எப்படிக் கண்டறிவது? இங்கேதான் வானொலி அலை வருகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைத் தள்ளும்போது, ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுகிறோம். சிறு தள்ளுதலே போதும். ஊஞ்சல் மேலும் மேலும் உயரும். நேரம் தவறித் தள்ளினால் முன்பு தள்ளியது வீணாகும். புரோட்டானும் அவ்வாறே. அது தலையாட்டும் அதே அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அதிர்வெண் சற்றே விலகினாலும் கண்டுகொள்வதில்லை. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

இதைச் சோதனை மூலம் முதலில் காட்டியவர் இசிடோர் ராபி. நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1938-ஆம் ஆண்டு, வெற்றிடத்தில் பாயும் மூலக்கூறுக் கற்றை ஒன்றின்மேல் அவர் காந்தப்புலத்தையும் வானொலி அலையையும் செலுத்தினார். குறிப்பிட்ட ஒரு புல வலிமையில் மட்டும் கற்றை திடீரெனக் குறைந்தது. அணுக்கருக்கள் பதில் சொல்லிவிட்டன. சிறுவயதில் தாம் பள்ளியிலிருந்து திரும்பும்போது, இன்று என்ன படித்தாய் என்று கேட்காமல், நல்ல கேள்வி ஏதாவது கேட்டாயா என்று தம் தாயார் கேட்பார் என்று ராபி பின்னாளில் சொன்னதுண்டு. 1944-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

வெற்றிடத்தில் பறக்கும் மூலக்கூறில் கண்டதைச் சாதாரணப் பொருளில் காண முடியுமா? இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் தொடர்பான பணிகளில் ஈடுபட்ட இருவர், போர் முடிந்ததும் இதற்கு விடை கண்டனர். ஹார்வர்டில் பர்செல் குழுவினர் பாரஃபின் மெழுகை வைத்துச் சோதித்தனர். அதே வேளையில் அமெரிக்காவின் மறுகரையில், ஸ்டான்ஃபோர்டில், ஃபீலிக்ஸ் பிளாக் குழுவினர் வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தனர். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இரு குழுவினரின் முடிவுகளும் 1946-இல் வெளிவந்தன. 1952-இல் பர்செல், பிளாக் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அவர்களுக்குக் கிடைத்த பதில் மிக மெல்லியது. காரணம், காந்தப்புலத்தில் புரோட்டான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடுவதில்லை. ஏறத்தாழ பாதி புலத்தின் திசையிலும் பாதி எதிர்த் திசையிலும் நிற்கின்றன. உடலின் வெப்பம் அவற்றை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது. 1.5 டெஸ்லா புலத்தில், ஒரு மில்லியன் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த் திசையில் நிற்பவற்றைவிட ஐந்துதான் அதிகம். மற்றவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மருத்துவர் பார்க்கும் முழுப் படமும் அந்த ஐந்தால் வரையப்படுகிறது! ஆயினும் ஒரு மில்லிலிட்டர் நீரிலேயே, அந்த ‘மிகுதி’ மட்டும், 3 எழுதி அதன்பின் 17 சுழியங்களை இட்டால் வரும் எண்ணுக்கும் சற்று அதிகம். சிறுபான்மைதான், ஆனால் பெருங்கூட்டம்.

எம்.ஆர்.ஐ. கருவியில் நடப்பது இதுதான். வலிமையான காந்தப்புலத்தில் அந்தச் சிறுபான்மையின் கூட்டுக் காந்தம் புலத்தின் திசையில் நிற்கிறது. ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் வானொலித் துடிப்பு, அதைப் பக்கவாட்டில் சாய்க்கிறது. துடிப்பு நின்றதும், சாய்ந்த காந்தம் சுழன்றுகொண்டே தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சுழலும் காந்தம் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்ததே. அந்த மின்னோட்டம்தான் புரோட்டான்களின் பதில். அது மிகவும் மெல்லியது என்பதால், வெளியே உள்ள வானொலி ஒலிபரப்பு அதை மூழ்கடித்துவிடாமல் இருக்க, சோதனை அறையின் சுவர்களுக்குள் செப்புத் தகடுகளைப் பதித்திருப்பார்கள்.

இந்தப் பதிலில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது, புரோட்டானைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1.5 டெஸ்லா புலத்தில், கொழுப்பில் உள்ள புரோட்டான்கள் கால் வினாடிக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்தில், தாராளமாக ஓடித் திரியும் நீர் மூலக்கூறுகளின் புரோட்டான்களுக்குச் சில வினாடிகள் பிடிக்கும். துடிப்புகளின் இடைவெளியையும் பதிலைக் கேட்கும் நேரத்தையும் மாற்றி மாற்றி, ஒரு படத்தில் கொழுப்பையும் மற்றொன்றில் நீரையும் பளிச்சென்று காட்டலாம். எக்ஸ்ரே எலும்பை நன்றாகக் காட்டும். மென்மையான தசைகளிடையே உள்ள வேறுபாட்டைக் காட்ட அது தடுமாறும். எம்.ஆர்.ஐ. சிறந்து விளங்குவது அங்கேதான்.

எனினும், பதில் வருகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எங்கிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். உடலில் உள்ள கோடானுகோடிப் புரோட்டான்கள் ஒரே நேரத்தில் ஒரே குரலில் பதில் சொன்னால், முதுகு எது, வயிறு எது என்று எப்படிப் பிரிப்பது? ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பால் லாட்டர்பர் 1971-இல் இதற்கு ஒரு வழி கண்டார். விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. காந்தப்புலத்தைச் சீராக வைக்காமல் வேண்டுமென்றே சரிவாக்க வேண்டும். ஒரு முனையில் சற்றுக் குறைவாகவும் மறுமுனையில் சற்று அதிகமாகவும். புலம் மாறினால் தலையாட்டும் வேகமும் மாறும் அல்லவா? ஒரு மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா என்ற அளவில் சரிவு இருந்தால், ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் புரோட்டான்கள் வினாடிக்கு ஏறத்தாழ 4,260 முறை கூடுதலாகத் தலையாட்டும். இனி, பதிலின் அதிர்வெண்ணே முகவரி.

அதுவரை காந்தப்புலம் சற்றுச் சீராக இல்லாவிட்டாலும் அதைக் குறை என்று கருதி, நீக்கப் பாடுபட்டார்கள். அந்தக் குறையையே கருவியாக்கியதுதான் லாட்டர்பரின் சாமர்த்தியம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர் எடுத்த முதல் படத்தில் மனிதரும் இல்லை, விலங்கும் இல்லை. கனநீர் நிரம்பிய ஒரு சிறு குழாயினுள், சாதாரண நீர் அடங்கிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக, ஒரு நியூட்ரானைக் கூடுதலாகக் கொண்ட டியூட்டீரியம் இருக்கும். கண்ணுக்கு இரண்டு நீரும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் டியூட்டீரியத்தின் அணுக்கரு, புரோட்டானின் அதிர்வெண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான அதிர்வெண்ணில் தலையாட்டுகிறது. புரோட்டானுக்குரிய அலையை அனுப்பினால் அது பதில் சொல்லாது. எனவே லாட்டர்பரின் படத்தில் கனநீர் மறைந்துபோய், சாதாரண நீர் இருந்த இடங்கள் மட்டும் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தன. கண்ணால் பிரிக்க முடியாததை அணுக்கரு பிரித்துக் காட்டியது. இந்தக் கட்டுரையை ‘நேச்சர்’ ஆய்விதழ் முதலில் ஏற்க மறுத்தது. அவர் விடாமல் வாதாடிய பிறகு 1973-இல் வெளியிட்டது.

தம் முறைக்கு லாட்டர்பர் ‘ஸ்யூக்மட்டோகிராஃபி’ என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆனால் அதன் பொருள் அழகானது. ‘நுகம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது உருவானது. ஒரே நுகத்தில் இரண்டு மாடுகளைப் பூட்டுவதுபோல், காந்தப்புலத்தையும் வானொலிப் புலத்தையும் ஒன்றாகப் பூட்டுகிறோம் என்றார் அவர். ஒன்று இல்லாமல் மற்றொன்றால் படம் பிறக்காது. இந்த இரண்டு மாடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் கேள்விக்கு இவை தேவைப்படும்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டும் இதே திசையில் உழைத்துக்கொண்டிருந்தார். 15 வயதில் பள்ளியைவிட்டு வெளியேறி, புத்தகம் கட்டும் இடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். பின்னர் மாலை வகுப்புகளில் படித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பதில்களை விரைவாகத் திரட்டிப் படமாக்கும் கணித முறைகளை உருவாக்கினார். 1978-இல் முழு உடலையும் படம் எடுக்கும் கருவியை மனிதரிடம் சோதிக்க வேண்டியிருந்தது. வேகமாக மாறும் காந்தப்புலம் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்று சிலர் அஞ்சினர். மேன்ஸ்ஃபீல்ட் தாமே கருவிக்குள் சென்று நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

2003-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் வழங்கப்பட்டது. ரேமண்ட் டமேடியன் என்ற மருத்துவர் விடுபட்டார். புற்றுநோய்த் திசுவின் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் நலமான திசுவிலிருந்து வேறுபடுகிறது என்று 1971-இலேயே எலிகளின் திசுக்களைக் கொண்டு காட்டியவர் அவர். தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக அவர் தரப்பினர் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தனர். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

இனிப் பாட்டியின் இரண்டாவது கேள்வி. இந்த முறையின் முழுப்பெயர் ‘அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு’. மருத்துவமனைகளுக்கு வந்தபோது, ‘அணுக்கரு’ என்ற சொல் நோயாளிகளை அச்சுறுத்தியதால், 1980-களில் அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் காந்த ஒத்ததிர்வு என்றே அழைக்கத் தொடங்கினர். பெயரை மாற்றியதைவிட, பொருளை விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று நமக்குத் தோன்றலாம். உண்மை என்னவென்றால், இங்கே பயன்படும் வானொலி அலையின் ஒரு துகளுக்குரிய ஆற்றல், எக்ஸ்ரேயின் ஒரு துகளுக்குரிய ஆற்றலில் பல்லாயிரம் கோடியில் ஒரு பங்குதான். எக்ஸ்ரே, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறியும் வலிமை உடையது. வானொலி அலைக்கு அந்த வலிமை கிடையாது. அதனால் இந்தச் சோதனையில் கதிரியக்கமும் இல்லை. சோதனை முடிந்ததும் புரோட்டான்கள் பழையபடியே இருக்கும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பாட்டி அஞ்சிய பக்கத்திலிருந்து வருவதில்லை.

முதல் மாடு காந்தம். நியோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தில் ஆழ்த்தி, சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பி மின்தடையை முற்றிலும் இழந்துவிடும். ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே இந்தக் காந்தத்துக்கு இரவும் இல்லை, விடுமுறையும் இல்லை. படம் எடுக்காத நேரத்திலும், விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகும், அது சிங்கப்பூரில் உள்ள பூமியின் புலத்தைப்போல் ஏறத்தாழ 35,000 மடங்கு வலிமையோடு அங்கேயே இருக்கும். கருவி ஓடவில்லை, ஆகவே காந்தமும் இல்லை என்று எண்ணுவதுதான் தவறு. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில், சோதனை அறைக்குள் கொண்டுவரப்பட்ட இரும்பு ஆக்சிஜன் உருளை காந்தத்தை நோக்கிப் பாய்ந்து, உள்ளே படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. 2018-இல் மும்பையில் ஆக்சிஜன் உருளையோடு அறைக்குள் நுழைந்த இளைஞர் ஒருவரும் இறந்தார். கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்று தாதி கேட்டது சடங்குக்காக அன்று. உலோகப் பட்டறையில் வேலை செய்தவரின் கண்ணில் என்றோ தங்கிய துகளை இந்தக் காந்தம் அசைத்தால் பார்வையே போய்விடக்கூடும்.

தங்கம் இந்த மாட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பேரன் சொன்னது சரிதான். ஆனால் நுகத்தில் இரண்டாவது மாடும் இருக்கிறது. தங்கம் மிகச் சிறந்த மின்கடத்தி. வானொலி அலை பாயும் இடத்தில் உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். சங்கிலிபோல் வளையமாக இருந்தால் அது சுற்றிவரவும் வழி கிடைக்கும். மின்னோட்டம் ஓடும் உலோகம் சூடாகும், தோலைச் சுட்டுவிடக்கூடும். சோதனையின்போது கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டாம், கால்களைப் பின்னிக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். ஈரமான உடலும் மின்னைக் கடத்தும். கோத்த கைகளும் ஒரு வளையம். அதுமட்டுமன்று. உலோகத்துக்கு அருகில் காந்தப்புலம் சற்றே கோணிப்போவதால், அங்குள்ள புரோட்டான்கள் தவறான அதிர்வெண்ணில் பதில் சொல்லும். அதிர்வெண்தானே முகவரி? முகவரி தவறினால் படத்தில் அந்த இடம் சிதைந்துபோகும்.

பேரன் இவ்வளவையும் அப்போது அறிந்திருக்கவில்லை. தாதிதான் பாட்டியின் சங்கிலியைக் கையில் வாங்காமல், குனிந்து உற்றுப் பார்த்தார். தாலிக்குப் பக்கத்தில் மூன்று ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவசரத்துக்கு உதவும் என்று நம் பாட்டிமார் பலர் மாட்டி வைத்திருப்பவைதாம். “இதைத் தங்கத்தால் செய்யவில்லையே, பாட்டி?” என்றார் தாதி. பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊக்குகள் எஃகால் ஆனவை. முதல் மாடு விட்டுவைக்காது.

அடுத்த அறையில் காத்திருந்த வேறொரு நோயாளியின் மகள், தம் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துத் தந்தார். அதில் சிறு மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. தம் தாயாருக்காக இரண்டாகக் கொண்டு வந்தாராம். நூலிலும் மஞ்சளிலும் உலோகம் எதுவும் இல்லை. தாதி அதைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டி கயிற்றைக் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து பேரனிடம் கொடுத்தார்.

காதில் செருகிக்கொள்ளப் பஞ்சு போன்ற அடைப்பானைத் தந்தார்கள். அதற்கும் காரணம் உண்டு. புலத்தைச் சரிவாக்கும் சுருள்களில் மின்னோட்டம் வினாடிக்குப் பலமுறை மாறுகிறது. வலிமையான காந்தத்தின் நடுவே மின்னோட்டம் பாயும் கம்பியை விசை தள்ளும். திசை மாற மாறச் சுருள்கள் அதிர்ந்து, யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசை எழுப்பும். 100 டெசிபெலைத் தாண்டும் நேரமும் உண்டு. “உள்ள ஆளு உட்கார்ந்து தட்டுறாங்களா?” என்று பாட்டி பிறகு கேட்டார்.

முப்பது நிமிடங்களுக்குப் பின் திரையில் பாட்டியின் முதுகெலும்பு தெரிந்தது. எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் நீர் நிறைந்திருக்கும். நீரைப் பளிச்சென்று காட்டும் படத்தில் அவை வெண்மையாகத் தெரிய வேண்டும். மேலே உள்ளவை ஓரளவு அப்படித்தான் இருந்தன. இடுப்புக்கு அருகில் இருந்த இரண்டு மட்டும் வற்றிப்போய் இருண்டிருந்தன. அவற்றுள் ஒன்று பின்பக்கம் பிதுங்கி, நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

மருத்துவர் அந்தக் கருத்த வட்டைச் சுட்டிக்காட்டி, வலி இங்கிருந்துதான் வருகிறது என்றார். பாட்டி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேரனிடம் கையை நீட்டினார். அவன் கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.